டிஆர்-ஜிஎஃப்பி அளவு பாதியாகக் குறைந்தால், அந்த மரபணு டிஎன்ஏ பழுதுபார்ப்பில் பங்கேற்கிறது என்று எழுதிவிடலாமா?

மரபணு மாணவி:

வணக்கம். டிஎன்ஏவின் இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுபடும்போது மனிதச் செல் அதை எவ்வாறு சரிசெய்கிறது என்பதை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்திருக்கிறேன். எனக்குத் தரப்பட்டிருப்பது இன்னும் பணி தெளிவாகாத ஒரு மரபணு. முறிவு ஒரு குறிப்பிட்ட வழியில் சரியானால் செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் டிஆர்-ஜிஎஃப்பி அமைப்பு பொருத்தப்பட்ட யு2ஓஎஸ் என்னும் மனிதப் புற்றுநோய்ச் செல்களில் அதை எஸ்ஐ-ஆர்என்ஏ (குறித்த மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு ஒடுக்கிவிட்டு, டிஎன்ஏவை வெட்டும் ஐ-எஸ்சிஇ1 நொதியைச் செலுத்தினால், பச்சையாக ஒளிரும் செல்களின் விகிதம் ஒடுக்கப்படாத செல்களில் காண்பதில் ஏறத்தாழப் பாதியாகிறது. முறிந்த முனைகள் நேரடியாக ஒட்டிக்கொள்வதை எண்ணும் இஜே5-ஜிஎஃப்பி செல்களில் அதே மரபணுவை ஒடுக்கினால் விகிதம் சற்றுக் கூடுகிறது.

இதை வைத்து, இந்த மரபணு ஒத்தவரிசை மறுசேர்க்கைக்கு (ஒத்த வரிசை ஒன்றை அச்சாகக் கொண்டு பழுதுபார்ப்பதற்கு) தேவை, முனை இணைப்புக்குத் தேவையில்லை என்று எழுதலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஆய்வகத்தில் மூத்தவர்கள் இந்தச் சோதனைகள் உண்மையில் எதை எண்ணுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். இத்துறையில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

செல்வளர்ப்பு:

உங்கள் மூத்தவர்கள் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். டிஆர்-ஜிஎஃப்பி எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதன் வலிமையும் குறையும் அந்தக் கட்டமைப்பிலேயே இருக்கின்றன.

ஐ-எஸ்சிஇ1 என்பது ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஓர் இன்ட்ரானிலிருந்து வந்த நொதி. அது 18 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசையைத் தேடி வெட்டுகிறது. அவ்வளவு நீளமான வரிசை மனித மரபணுத்தொகுதியில் இயல்பாக அமைவது மிக அரிது என்பதால், நாம் பொருத்தி வைத்த இடத்தில் மட்டும் முறிவு விழும் என்று நம்பலாம். பாலூட்டிச் செல்களின் குரோமோசோமில் இந்த நொதியைக் கொண்டு திட்டமிட்டு முறிவை உண்டாக்கலாம் என்பதை 1994இல் மரியா ஜாசினின் குழு காட்டியது. டிஆர்-ஜிஎஃப்பி அதே குழுவிலிருந்து 1999இல் வெளிவந்தது.

அதில் பச்சை ஒளிர்புரத மரபணுவின் இரு பிரதிகள் அடுத்தடுத்து உள்ளன, இரண்டுமே வேலை செய்யாதவை. முதற்பிரதியின் நடுவே ஐ-எஸ்சிஇ1 வெட்டும் வரிசையும் அதனுடன் நிறுத்தக் குறியன்களும் செருகப்பட்டிருக்கும். இரண்டாவது பிரதி இரு முனைகளும் நறுக்கப்பட்ட துண்டு. முதற்பிரதியில் முறிவு விழுந்தபின் செல் இரண்டாவது பிரதியை அச்சாகக் கொண்டு இழந்த எழுத்துகளை நிரப்பினால் மட்டுமே முழுமையான மரபணு உருவாகிச் செல் பச்சையாகிறது.

இனி அது காணாதவற்றைப் பாருங்கள். முறிந்த முனைகள் ஓர் எழுத்தும் இழக்காமல் ஒட்டிக்கொண்டால் வெட்டும் வரிசை மீண்டும் உருவாகும். நொதி மறுபடி வெட்டும், நமக்கு எதுவும் தெரியாது. ஓரிரு எழுத்துகள் போய் ஒட்டினால் வரிசை அழியும், ஆனால் செல் பச்சையாகாது. சகோதரி குரோமாட்டிடில் (பிரதியெடுக்கப்பட்ட குரோமோசோமின் இணைப்பிரதியில்) வெட்டப்படாமல் இருக்கும் அதே முதற்பிரதியை அச்சாகக் கொண்டால், அதுவும் மறுசேர்க்கைதான் என்றாலும், வெட்டும் வரிசையே திரும்ப வருவதால் கணக்கில் சேராது. இரு பிரதிகளும் ஒன்றோடொன்று ஒட்டி இடைப்பகுதி கழிந்துபோனாலும் பச்சை வராது. ஆகவே நீங்கள் எண்ணும் சில விழுக்காடு செல்கள், ஒரு குறிப்பிட்ட வகை மரபணு மாற்றீட்டில் முடிந்த நிகழ்வுகளை மட்டுமே குறிக்கின்றன. பழுதுபார்ப்பு முழுவதையும் அளந்துவிட்டதாக அந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

ஈஸ்ட் ஆய்வாளர்:

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஈஸ்ட்டில் இதே வினாவை எப்படி அணுகினார்கள் என்பதை அறிந்தால், பச்சை ஒளியில் விடுபடும் தகவல் எவ்வளவு என்பது தெளிவாகும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஈஸ்ட் தன் இணைவகையை மாற்றிக்கொள்ளும்போது எச்ஓ என்ற நொதி மேட் என்னும் இடத்தில் ஒரே ஒரு முறிவை உண்டாக்குகிறது. இந்த நொதியின் மரபணுவைக் காலக்டோஸால் இயங்கும் தூண்டியுடன் இணைத்துவிட்டால் முறிவு விழும் நேரம் நம் கைக்கு வந்துவிடுகிறது. பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேபரின் குழு இந்த அமைப்பை வைத்துப் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில், ராஃபினோஸ் போன்ற சர்க்கரையில் செல்களை வளர்த்துக் காலக்டோஸ் சேர்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் முறிவு விழுந்துவிடும். குளுக்கோஸ் சேர்த்தால் நொதி உற்பத்தி நின்றுவிடும்.

அதன்பின் குறித்த இடைவெளிகளில் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் சதர்ன் பிளாட் செய்தால், படலத்தில் நிகழ்வின் வரிசை அப்படியே தெரியும். தொடக்க நேரத் தடத்தில் முழு நீளப் பட்டை மட்டும் இருக்கும். அடுத்த தடத்தில் அது மங்கி, வெட்டுண்ட சிறிய பட்டை கருமையாக எழும். பின்னர் அந்தச் சிறிய பட்டையும் மெல்ல மங்கும், ஏனெனில் முனைகள் ஒற்றை இழையாகச் செதுக்கப்படுகின்றன. மாற்றீடு நிகழ்ந்த செல்களிலோ வேறு நீளத்தில் புதிய பட்டை தோன்றும். முனை செதுக்கப்படும் வேகம் மணிக்குச் சுமார் 4,000 எழுத்துகள் என்று இவ்வாறுதான் அளந்தார்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். அச்சாகப் பயன்படும் இரு இடங்களையும் நீக்கிய ஈஸ்ட் வகையில் எச்ஓ நொதியைத் தொடர்ந்து இயங்க விட்டால், 1,000 செல்களில் ஏறத்தாழ 2 மட்டுமே பிழைக்கும். அவை முனைகளைத் தவறாக ஒட்டியதால் வெட்டும் வரிசையை இழந்த செல்கள். சரியாக ஒட்டியவை மறுபடி மறுபடி வெட்டப்பட்டு இறுதியில் மடிகின்றன. பிழையின்றி வேலை செய்த செல் நம் கணக்கிலிருந்து மறைகிறது என்ற இந்தச் சிக்கல், தளம் குறித்து வெட்டும் நொதிகள் அனைத்துக்கும் பொது.

மரபணு மாணவி:

இரு பதிவுகளுக்கும் நன்றி. அப்படியானால் என் மரபணு பழுதுபார்ப்பின் எந்தப் படியில் செயல்படுகிறது என்பதை அறிய என்ன செய்வது? இஜே5 விகிதம் கூடியதை எப்படிப் புரிந்துகொள்வது? நாம் குறிக்கும் இடத்தில் வெட்டும் கேஸ்9 நொதி கொண்டு இயல்பான மரபணு ஒன்றையே வெட்டினால் இந்தக் குறைகள் நீங்குமா?

செல்வளர்ப்பு:

முதலிரண்டு கேள்விகளுக்கு நான் விடை சொல்கிறேன்.

இஜே5 அமைப்பில் தூண்டிக்கும் பச்சை மரபணுவுக்கும் இடையே வேறொரு மரபணு நிற்கிறது, அதன் இருபுறமும் ஐ-எஸ்சிஇ1 வரிசைகள் உள்ளன. இரண்டும் வெட்டப்பட்டு, இடைத்துண்டு விழுந்து, தொலைவிலிருந்த முனைகள் ஒட்டினால் பச்சை வரும். எந்த வழியில் ஒட்டின என்பதை அது பிரித்துச் சொல்லாது. கியூ புரதமும் லிகேஸ் 4ம் செய்யும் வழக்கமான இணைப்பும், குறுகிய ஒப்பு வரிசைகளைப் பற்றிக்கொண்டு நிகழும் மாற்று இணைப்பும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. எனவே இஜே5 கூடியதை வைத்து "முனை இணைப்புக்குத் தேவையில்லை" என்று எழுதுவது மிகை. மறுசேர்க்கை தடைப்பட்டதால் முறிவுகள் இணைப்பின் பக்கம் திரும்பியிருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

உங்கள் வினாவுக்கு மிகவும் பயன்படக்கூடியது எஸ்ஏ-ஜிஎஃப்பி. அதில் மரபணுவின் இரு துண்டுகளிலும் ஒரே வரிசை திரும்ப வருகிறது. முறிவின் முனைகள் செதுக்கப்பட்டு அந்த வரிசைகள் வெளிப்பட்டபின் அவை ஒன்றோடொன்று ஒட்டினால் பச்சை வரும். இந்த வழிக்கு முனைச் செதுக்கல் தேவை, ஆனால் செதுக்கிய இழையை அச்சுடன் பொருத்தும் ராட்51 புரதம் தேவையில்லை. டிஆர்-ஜிஎஃப்பிக்கு இரண்டுமே தேவை.

இதன் பயனைக் காட்ட ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ராட்51ஐ இழைமேல் ஏற்றும் பிஆர்சிஏ2 அல்லது ராட்51 பழுதானால் டிஆர் குறையும், எஸ்ஏ கூடும், ஏனெனில் செதுக்கப்பட்ட முனைகள் மறுசேர்க்கைக்குப் போக முடியாமல் இந்தப் பக்கம் சாய்கின்றன. பிஆர்சிஏ1 பழுதானால் டிஆர், எஸ்ஏ இரண்டும் குறையும். முனைச் செதுக்கலைத் தொடங்கிவைக்கும் சிடிஐபி புரதத்தை ஒடுக்கினாலும் இரண்டும் குறையும், மாற்று இணைப்பை அளக்கும் இஜே2-ஜிஎஃப்பியும் அவற்றுடன் குறையும். டிஆர்-ஜிஎஃப்பியை மட்டும் பார்த்தால் இந்த நான்கு மரபணுக்களும் ஒரே மாதிரித்தான் தெரியும். எஸ்ஏவையும் பக்கத்தில் வைத்த பிறகே செதுக்கல் படியில் இருப்பவை எவை, ராட்51 படியில் இருப்பவை எவை என்பது பிரிகிறது. இதைச் செய்யாமல் டிஆர் எண்ணை மட்டும் வெளியிடும் கட்டுரைகளை நான் நம்பிக்கையுடன் படிப்பதில்லை.

அதற்கும் முன்னால் இரண்டு சோதனைகளை நீங்கள் முடித்திருக்க வேண்டும். மறுசேர்க்கை பெரும்பாலும் செல் சுழற்சியின் எஸ் (டிஎன்ஏ பிரதியெடுக்கும்), ஜி2 (அதற்குப் பிந்தைய) கட்டங்களில்தான் நடக்கிறது. உங்கள் மரபணுவை ஒடுக்கியதால் செல்கள் பிரதியெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் தேங்கினால், மரபணுவுக்கும் பழுதுபார்ப்புக்கும் தொடர்பே இல்லாமல் பச்சை விகிதம் குறையும். புரோப்பிடியம் அயோடைடு சாயமிட்டு டிஎன்ஏ அளவைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இரண்டாவதாக, ஐ-எஸ்சிஇ1 பிளாஸ்மிடுக்குப் பதில் இயல்பான பச்சை மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிடை இணையாகச் செலுத்திப் பாருங்கள். அங்கும் பச்சைச் செல்கள் குறைந்தால் அது டிரான்ஸ்ஃபெக்‌ஷன் குறைந்ததையோ புரத உற்பத்தி குறைந்ததையோ காட்டுகிறது. செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் கேட் (பச்சை என்று கொள்ளும் எல்லை) போடும்போது எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கேட்டை வைத்திருங்கள். நொதி செலுத்தாத செல்களின் புள்ளித்திரள் கேட்டுக்குக் கீழே முழுவதும் அடங்குகிறதா என்றும், பச்சைப் புள்ளிகள் அந்தத் திரளிலிருந்து விலகித் தனிக்கொத்தாக நிற்கின்றனவா என்றும் கண்ணால் பாருங்கள். திரளின் விளிம்பில் வைத்த கேட், செல்களின் இயல்பான ஒளிர்வையும் சேர்த்து எண்ணிவிடும்.

வரிசையாக்கம்:

கேஸ்9 பற்றிய மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என் பார்வை மேலே உள்ளவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறது. ஒளிரும் அமைப்புகளின் காலம் பெருமளவு முடிந்துவிட்டது என்றே கருதுகிறேன். செயற்கையாகச் செருகிய ஒரே இடத்தைப் பார்ப்பதைவிட, இயல்பான மரபணுவை வெட்டி, அந்த இடத்தைப் பெருக்கி வரிசைப்படுத்தினால் எத்தனை எழுத்துகள் போயின, எத்தனை சேர்ந்தன என்பது நேரடியாகத் தெரிகிறது.

நெதர்லாந்தில் பாஸ் வான் ஸ்டீன்செலின் குழு 2014இல் வெளியிட்ட டைட் என்னும் முறைக்குச் சாதாரண சாங்கர் வரிசையாக்கமே போதும். அதே குழு 2018இல் எல்பிஆர் மரபணுவில் விழுந்த முறிவைக் காலவரிசையில் பின்தொடர்ந்தது. ஓர் எழுத்து சேரும் மாற்றம் முதலில் தோன்றியது, அது வழக்கமான முனை இணைப்பின் விளைவு. 7 எழுத்துகள் விடுபடும் மாற்றம் தாமதமாகத் தோன்றியது, அது குறுகிய ஒப்பு வரிசைகளைப் பற்றும் மாற்று வழியின் விளைவு. ஒரே குழாயில் இரு வழிகளின் வேகத்தையும் இப்படி ஒளிரும் செல்களால் காட்ட முடியாது.

ஈஸ்ட் ஆய்வாளர்:

அந்த 2018 ஆய்வு சிறப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒளிரும் அமைப்புகளின் காலம் முடிந்துவிட்டது என்பதை ஏற்க இயலவில்லை. வரிசையாக்கமும் பிழையற்ற பழுதுபார்ப்பைக் காண்பதில்லை. வெட்டப்படாத செல்லும் வெட்டப்பட்டுச் சரியாக ஒட்டிய செல்லும் ஒரே எழுத்துகளைத்தான் காட்டும். நீங்கள் குறிப்பிட்ட குழுவே அதைக் கணித மாதிரி கொண்டு மறைமுகமாகத்தான் மதிப்பிட்டது.

கேஸ்9 நொதிக்கென்று தனி இயல்பும் உண்டு. ஐ-எஸ்சிஇ1, எச்ஓ இரண்டும் 4 எழுத்து நீளத்துக்கு ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை விட்டுச்செல்கின்றன. கேஸ்9 பெரும்பாலும் மொட்டையான முனைகளை விடுகிறது. குழாய்ச் சோதனைகளில் வெட்டியபின் பல மணி நேரம் முனைகளைப் பற்றிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் பழுதுபார்க்கும் புரதங்கள் வந்துசேரும் நேரத்தை இது மாற்றக்கூடும். மேலும், குறுகிய பகுதியை மட்டும் பெருக்கினால் ஆயிரக்கணக்கான எழுத்துகள் விழுந்த பெரிய நீக்கங்கள் தப்பிவிடும், ஏனெனில் பிரைமர் ஒட்டும் இடமே போய்விட்டிருக்கும். இது வெறும் ஐயமன்று, 2018இலேயே ஆவணப்படுத்தப்பட்ட உண்மை.

வரிசையாக்கம்:

பெரிய நீக்கங்கள் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நீண்ட பகுதிகளைப் பெருக்கி நீள் வாசிப்பு வரிசையாக்கம் செய்வது அதற்கு ஓரளவு ஈடு செய்யும். மாணவியின் வினாவுக்கு எஸ்ஏ-ஜிஎஃப்பி விரைவான விடை தரும் என்பதையும் மறுக்கவில்லை. என் கருத்தை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்: எந்த வழி என்று பிரித்தறிய ஒளிரும் அமைப்பும், அந்த வழி விட்டுச்சென்ற தடயத்தை அறிய வரிசையாக்கமும் வேண்டும்.

கதிரியல் ஆசிரியர்:

இதுவரை பேசிய அனைத்தும் நொதி வெட்டும் முறிவுகள். புற்றுநோய் சிகிச்சையில் நாம் சந்திப்பது கதிர்வீச்சால் விழும் முறிவுகள், அவற்றின் முனைகள் வேதிமுறையில் சிதைந்தவை. ஆகவே கதிர்வீச்சு கொண்டும் ஒருமுறை சோதிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

1 கிரே எக்ஸ் கதிர் ஒரு மனிதச் செல்லில் ஏறத்தாழ 35 முதல் 40 இரட்டை இழை முறிவுகளையும், சுமார் 1,000 ஒற்றை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. இந்த விகிதம் காமெட் சோதனையைப் படிப்பதற்கு மிக முக்கியம். அகரோஸில் பதித்த செல்களைக் கரைத்து மின்புலத்தில் வைத்தால், அறுபட்ட டிஎன்ஏ நேர்மின்வாயின் பக்கம் வால்போல் நீள்கிறது. காரக் கரைசலில் செய்தால் ஒற்றை இழை முறிவுகளும் சேர்ந்து வாலை நீட்டும் என்பதால், காரக் காமெட்டில் கண்ட நீண்ட வாலை இரட்டை இழை முறிவுக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. அந்தத் தவற்றை இன்றும் அடிக்கடி காண்கிறேன். இரட்டை இழை முறிவுக்கு நடுநிலைக் கரைசலில் செய்யுங்கள், கதிர் அளவு கூடுதலாகத் தேவைப்படும்.

காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகளை எண்ணுவதே இன்று பரவலாக உள்ள முறை. முறிவு விழுந்த சில நிமிடங்களில் எச்2ஏஎக்ஸ் என்னும் ஹிஸ்டோனின் 139ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் சேர்கிறது என்பதை 1998இல் வில்லியம் பானரின் குழு கண்டறிந்தது. ஆனால் அது முறிவைச் சூழ்ந்த குரோமாட்டினின் குறி, முறிவே அன்று. எஸ் கட்டத்தில் பிரதியெடுப்பு தடுமாறினாலும் அது தோன்றும். செல் தற்கொலைப் பாதையில் இறங்கினால் உட்கரு முழுவதும் நிரம்பும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். கதிரூட்டிய செல்களில் ஆர்பிஏ (செதுக்கலில் வெளிப்படும் ஒற்றை இழையைப் போர்த்தும் புரதம்), ராட்51 இரண்டின் புள்ளிகளையும் எண்ணுங்கள். எஸ், ஜி2 கட்டச் செல்களை மட்டும் தேர்ந்தெடுக்கச் சைக்ளின் ஏ அல்லது ஜெமினின் சாயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்பிஏ குறைந்தால் செதுக்கல் தடைப்பட்டிருக்கிறது. ஆர்பிஏ இயல்பாக இருந்து ராட்51 குறைந்தால், பிஆர்சிஏ2 போல ராட்51ஐ இழைமேல் ஏற்றும் படியில் குறை இருக்கிறது. இரண்டும் இயல்பாக இருந்தும் டிஆர் குறைந்தால் அதற்கு அடுத்த படிகளைத் தேட வேண்டும். அத்துடன் பார்ப் என்னும் பழுதுபார்ப்பு நொதியைத் தடுக்கும் ஒலாபரிப் மருந்துக்குச் செல்கள் எவ்வளவு தாங்குகின்றன என்பதைக் கொத்துருவாக்கச் சோதனையில் பாருங்கள். மறுசேர்க்கை பழுதான செல்களைப் பார்ப் தடுப்பான்கள் கொல்கின்றன என்பதை 2005இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. மறுசேர்க்கை உண்மையிலேயே குறைந்திருந்தால் உங்கள் செல்களிலும் அதன் சாயல் தெரிய வேண்டும்.

நுண்ணோக்கி:

முறிவு இருக்கும் இடத்துக்கு உங்கள் புரதம் வந்துசேர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லேசர் கொண்டு உட்கருவில் கோடிழுப்பது எளிது, படமும் அழகாக வரும். ஆனால் அந்தக் கோட்டில் விழும் சேதம் இயல்பாக நிகழ்வதைவிடப் பன்மடங்கு மிகுதி, பலவகைச் சேதங்களும் அதில் கலந்திருக்கும். அதைத் தனிச்சான்றாகக் கொள்ளாதீர்கள்.

துலூஸில் கயேல் லகூபின் குழு உருவாக்கிய திவா செல்கள் இதற்குச் சிறந்தவை. ஏஎஸ்ஐஎஸ்1 என்னும் நொதி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு பகுதியுடன் இணைக்கப்பட்டிருப்பதால் சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது. 4-ஹைட்ராக்ஸிடமாக்ஸிஃபென் சேர்த்ததும் உட்கருவுக்குள் சென்று, மரபணுத்தொகுதியில் அறியப்பட்ட இடங்களில் வெட்டுகிறது. அதன் 8 எழுத்து வரிசை மனித மரபணுத்தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தாலும், மெத்தில் சேர்ந்த இடங்களை அது வெட்டாது என்பதால் நன்கு வெட்டப்படுபவை ஏறத்தாழ நூறு. இடங்கள் தெரிந்திருப்பதால், ஒரு புரதம் ஒட்டியிருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிப் முறையில் உங்கள் புரதம் முறிவிலிருந்து எவ்வளவு தொலைவு பரவுகிறது என்பதை எழுத்துக் கணக்கில் வரைந்துவிடலாம். ஆக்சின் சேர்த்து நொதியை அழிக்கும் வகையும் உண்டு, அதில் பழுதுபார்க்கும் வேகத்தை அளக்கலாம். செயலில் இருக்கும் மரபணுக்களில் விழும் முறிவுகள் மறுசேர்க்கையை மிகுதியாக நாடுகின்றன என்று 2014இல் தெரியவந்தது இந்தச் செல்களில்தான். ஓரிடத்தில் செருகிய அமைப்பைக் கொண்டு அதைக் கண்டிருக்க முடியாது.

மரபணு மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே சொன்னவற்றுள் உடனடியாகச் செய்யக்கூடியவற்றைச் செய்துவிட்டு எழுதுகிறேன். செல் சுழற்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இயல்பான பச்சைப் பிளாஸ்மிட் கொடுத்த விகிதமும் மாறவில்லை. எஸ்ஏ-ஜிஎஃப்பியில் விகிதம் கூடியிருக்கிறது. எனவே செதுக்கலுக்குப் பிந்தைய படி என்று கருதுகிறேன். ஆனால் நான் பயன்படுத்தும் இரு எஸ்ஐ-ஆர்என்ஏக்களில் ஒன்றின் விளைவு மற்றதைவிட மிகவும் வலுவாக இருக்கிறது, இரண்டும் இலக்கு மரபணுவை ஒரே அளவில்தான் ஒடுக்குகின்றன. இதை எப்படி விளக்குவது?

செல்வளர்ப்பு:

வலுவான விளைவைத் தரும் அந்த எஸ்ஐ-ஆர்என்ஏ கொடுத்த செல்களில் ராட்51 புரதத்தின் அளவை உடனே வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். 2012இல் ஸ்டீஃபன் எலட்ஜின் குழு டிஆர்-ஜிஎஃப்பி கொண்டு மனித மரபணுத்தொகுதி முழுவதையும் சல்லடையிட்டபோது, மறுசேர்க்கையைக் குறைத்த எஸ்ஐ-ஆர்என்ஏக்களுள் பல, தம் இலக்கை விட்டுத் தற்செயலாக ராட்51ஐயே ஒடுக்கியிருந்தது தெரியவந்தது. ராட்51 குறைந்தால் டிஆர் இறங்கும், எஸ்ஏ ஏறும். நீங்கள் கண்டிருக்கும் வடிவமும் அதுவே என்பதால் இந்த ஐயத்தை நீக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மரபணு மாணவி:

பார்த்துவிட்டேன். வலுவான விளைவு தந்த எஸ்ஐ-ஆர்என்ஏவில் ராட்51 தெளிவாகக் குறைந்திருக்கிறது. மற்றொன்றில் கட்டுப்பாட்டுச் செல்களின் அளவிலேயே இருக்கிறது, ஆயினும் டிஆர் விகிதம் மிதமாகக் குறைகிறது. முதலாவதை விலக்கிவிட்டேன். எஞ்சிய ஒன்றை மட்டும் நம்பி எழுத முடியாது என்பதால் ஒடுக்கிய மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் விளைவு மறைகிறதா என்று பார்க்கும் மீட்புச் சோதனை செய்ய விரும்புகிறேன். அதை எவ்வாறு அமைப்பது?

செல்வளர்ப்பு:

எஞ்சிய எஸ்ஐ-ஆர்என்ஏ ஒட்டும் பகுதியில், அமினோ அமிலம் மாறாதபடி சில எழுத்துகளை மட்டும் மாற்றிய மரபணுப் பிரதியை (சிடிஎன்ஏ) கட்டுங்கள். அதை டிஆர்-ஜிஎஃப்பி செல்களில் டாக்ஸிசைக்ளினால் இயங்கும் தூண்டியின்கீழ் நிலையாகச் செருகி, புரத அளவு இயல்பான செல்லில் உள்ளதை ஒத்திருக்குமாறு மருந்தின் அளவைச் சரிசெய்யுங்கள். அளவு மிஞ்சினால் அதுவே மறுசேர்க்கையைக் குலைக்கக்கூடும். பச்சை ஒளிரும் அடையாளத்தை அந்தப் புரதத்தில் ஒட்டாதீர்கள், எச்ஏ அல்லது ஃபிளாக் என்னும் சிறு அடையாளம் போதும். இலக்குப் பகுதி வேறான இன்னும் இரு எஸ்ஐ-ஆர்என்ஏக்களையும் இப்போதே வரவழைத்து, ஒவ்வொன்றிலும் ராட்51 அளவைப் பார்த்த பிறகே டிஆர் சோதனைக்கு எடுங்கள். மீட்பு சிடிஎன்ஏ இல்லாத வெற்றுத் தாங்கியைச் செருகிய செல்களையும் அதே நாளில், அதே டாக்ஸிசைக்ளின் அளவில் வளர்த்து இணையாக எண்ணுங்கள்.